சத்து மாத்திரை தொடங்கும் முன்: எந்த வடிவம், எவ்வளவு, எப்போது, எதோடு?

ஒரே வைட்டமின் மாத்திரையாக வருகிறது, கேப்சூலாக வருகிறது, சொட்டு, ஸ்ப்ரே, மெல்லும் ஜெல்லி, ஊசி, தோலில் ஒட்டும் பட்டை என்றும் வருகிறது. எல்லா டப்பாவிலும் 'உடலில் வேகமாகச் சேரும்' என்று ஒரு வரி இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "இதில் எது நல்லது?" என்றுதான். எந்த வைட்டமின், எதற்காக, வயிறும் குடலும் எப்படி இருக்கின்றன, கூடவே வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற நான்கும் தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். பெரும்பாலானவர்களுக்குச் சாதாரண மாத்திரையே போதும், அதைச் சரியான அளவில் சரியான நேரத்தில் எடுத்தால் சரி என்பது என் கருத்து. ஆனால் அது போதாதவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எதற்காக எடுக்கிறீர்கள்?

இதற்குப் பதில் இல்லாமல் டப்பாவை வாங்காதீர்கள். நல்ல காரணங்கள் சில உண்டு. ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்திருக்கலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவுமே சாப்பிடாதவராக இருந்தால் பி12 வெளியிலிருந்து கட்டாயம் வேண்டும். வயிற்றிலோ குடலிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும், குடல் நோய் இருந்தாலும், வெயிலே படாத வாழ்க்கை என்றாலும் காரணம் தெளிவாக இருக்கிறது.

"எப்போதும் அசதியாக இருக்கிறது" என்பது மட்டும் காரணமாகாது. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை நோய், தூக்கக் குறைவு என்று அசதிக்குப் பின்னால் பல விஷயங்கள் இருக்கலாம். மாத்திரையை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பரிசோதனைக்குப் போனால் உண்மை மறைந்துவிடும். இதில் ஃபோலிக் அமிலம்தான் அதிகம் ஏமாற்றும். பி12 குறைபாட்டால் வந்த ரத்தசோகையை அதிக அளவு ஃபோலிக் அமிலம் சரிசெய்துவிடும். ரத்த அறிக்கை நன்றாகத் தெரியும், உள்ளே நரம்பு பாதிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை.

நோய் வராமல் தடுக்கத்தான் என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசியது. ஆரோக்கியமான பெரியவர்கள் இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்க மல்டிவைட்டமின் எடுக்கலாம் என்று பரிந்துரைக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ ஆதாரம் போதவில்லை என்றது. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈ-யையும் இந்த நோக்கத்துக்கு எடுக்க வேண்டாம் என்றே சொன்னது. அதற்கு முன்பே, 1994இல் ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. புகைபிடிப்பவர்கள் அந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது.

இரண்டாம் படி: லேபிளில் உள்ள எண்களைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அங்கே போட்டிருக்கும் அளவு எத்தனை மாத்திரைக்கு என்பது. சில டப்பாக்களில் அது இரண்டு மாத்திரைக்கான கணக்கு, சிலவற்றில் மூன்று.

அடுத்தது அலகு. மி.கி. என்பதும் மைக்ரோகிராம் என்பதும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். வைட்டமின் டி-யை ஐ.யூ. (சர்வதேச அலகு) என்றும் எழுதுவார்கள். 40 ஐ.யூ. என்றால் 1 மைக்ரோகிராம். ஆக, ஒரு டப்பாவில் 1000 ஐ.யூ. என்றும் இன்னொன்றில் 25 மைக்ரோகிராம் என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். டி2, டி3 என்று இரண்டு வகை இருக்கும். ரத்தத்தில் அளவை உயர்த்துவதிலும் நிலைநிறுத்துவதிலும் டி3 மேல்.

மூன்றாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் எடுத்து வைத்து, ஒவ்வொரு வைட்டமினையும் கூட்டிப் பாருங்கள். மல்டிவைட்டமினில் டி இருக்கும், கால்சியம் மாத்திரையிலும் இருக்கும், தனியாகவும் ஒன்று வாங்கி வைத்திருப்பீர்கள். முடிக்கான மாத்திரையிலும் நரம்புக்கான மாத்திரையிலும் பி6 இருக்கும். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் தினமும் தாண்டக் கூடாத அளவாக அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்வது: வைட்டமின் டி 4000 ஐ.யூ., ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ 3000 மைக்ரோகிராம், வைட்டமின் சி 2000 மி.கி. பி6க்கு அங்கே 100 மி.கி. என்று இருக்கிறது; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 12 மி.கி. என்று நிர்ணயித்தது. இவ்வளவு கீழே வைத்ததற்குக் காரணம் உண்டு. நரம்புக்கு நல்லது என்று நாம் எடுக்கும் பி6 அளவு மீறினால் நரம்பையே கெடுக்கும். கை கால் மரத்துப்போவதுதான் அதன் அறிகுறி. அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு மாத்திரை கூடப் போடுபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் அதிகம் உள்ள மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அது கருவில் குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது.

டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. பல நாடுகளில் சத்து மாத்திரைகளை மருந்துகளைப் போல விற்பனைக்கு முன்பே சோதிப்பதில்லை. யு.எஸ்.பி., என்.எஸ்.எஃப். போன்ற வெளி அமைப்புகள் சோதித்துத் தரும் முத்திரை இருந்தால் ஓரளவு நம்பலாம். அந்த முத்திரை உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்பதற்குத்தான் சாட்சி. அது உங்களுக்குத் தேவையா என்பதற்கு அல்ல.

மூன்றாம் படி: வடிவம்

மாத்திரைதான் நீண்ட நாள் கெடாமல் இருக்கும், அளவும் துல்லியமாக இருக்கும். விழுங்க முடிந்தவர்களுக்கு இதைவிட வேறு வேண்டாம். நிறைய தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். விழுங்கியவுடன் படுக்காதீர்கள், பெரிய மாத்திரை உணவுக்குழாயில் தங்கி எரிச்சலைக் கிளப்பும். நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாம். மெதுவாகக் கரையும்படி செய்தவற்றையும், குடலில் கரையும்படி மேல்பூச்சு பூசியவற்றையும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

எண்ணெய் அடைத்த மென்மையான கேப்சூல் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்குக்கும் பொருத்தமானது, இவை கொழுப்பில் கரையும் வைட்டமின்கள். ஆனால் இந்தக் கேப்சூலின் ஓடு பெரும்பாலும் ஜெலட்டின்தான், அது விலங்கிலிருந்து வருவது. சைவம் கடைப்பிடிப்பவர்கள் லேபிளைப் பார்க்க வேண்டும்.

சொட்டும் சிரப்பும் கைக்குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும். இதில் ஆபத்து அளவில்தான் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான வைட்டமின் டி பொதுவாக நாளைக்கு 400 ஐ.யூ. சில தயாரிப்புகளில் அது ஒரே சொட்டில் இருக்கும், சிலவற்றில் ஒரு மி.லி.யில் இருக்கும். ஒரு பாட்டிலின் ட்ராப்பரை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் குழந்தைக்குப் பல மடங்கு போய்விடும். பாட்டிலோடு வந்த ட்ராப்பரை மட்டும் பயன்படுத்துங்கள், புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் அளவை மறுபடி படியுங்கள்.

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை குடிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நுரைக்காகச் சேர்க்கும் உப்புகளால் அதில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் எடுக்க ஏற்றதல்ல.

மெல்லும் ஜெல்லியை நான் கடைசித் தேர்வாகத்தான் சொல்வேன். பெரும்பாலானவற்றில் சர்க்கரை இருக்கும், பல்லில் ஒட்டும், பலவற்றில் இரும்புச்சத்து இருக்காது. சேமிப்பில் வைட்டமின் குறைந்துபோவதை ஈடுகட்டத் தயாரிப்பாளர்கள் கூடுதலாகச் சேர்ப்பதால் அளவும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எல்லாவற்றையும் விட, குழந்தைகள் இதை மிட்டாய் என்று நினைத்து டப்பாவையே காலி செய்துவிடுவார்கள்.

பட்டைகளுக்கு ஆதாரம் மிகக் குறைவு. வெளியிலிருந்து எதையும் உள்ளே விடாமல் தடுப்பதுதான் தோலின் வேலை. குறைபாடு எதுவும் இல்லாதவர்கள் புத்துணர்ச்சிக்காக வைட்டமின் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வதும் வீண் செலவு. தண்ணீரில் கரையும் வைட்டமின்களில் மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், ஊசி குத்திய இடத்தில் தொற்று வரும் வாய்ப்பு மட்டும் மிஞ்சும்.

பி12க்கு மாத்திரையா, ஊசியா?

வடிவம் உண்மையிலேயே முக்கியமாகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பி12 உடலுக்குள் சேர இரண்டு வழிகள் உண்டு. வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பி12ஐப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். இது முதல் வழி. இதன் கொள்ளளவு சிறியது, ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான். இரண்டாவது வழியில் அந்தப் புரதம் வேண்டியதில்லை. குடல் சுவர் வழியாகத் தானாகவே கசிந்து போகும், ஆனால் விழுங்கியதில் சுமார் 1 சதவீதம் மட்டுமே.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம். 1000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கினால் இரண்டாவது வழியில் மட்டும் ஏறக்குறைய 10 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. மாத்திரையில் இவ்வளவு பெரிய எண் இருப்பது இதனால்தான். அந்தப் புரதமே சுரக்காத நோய் உள்ளவர்களுக்கும் அதிக அளவு மாத்திரை பலன் தருவதும் இதனால்தான்.

அப்படியானால் ஊசி எதற்கு? குறைபாடு முற்றி, கால் மரத்து, நடையில் தள்ளாட்டம், ஞாபக மறதி என்று வந்துவிட்டால் காத்திருக்க நேரமில்லை. அப்போது மருத்துவர்கள் ஊசியில்தான் தொடங்குவார்கள். வயிற்றை அல்லது சிறுகுடலின் கடைசிப் பகுதியை அறுவை செய்து நீக்கியவர்களுக்கும், தினமும் மாத்திரை எடுக்க மறந்துவிடுபவர்களுக்கும் ஊசி பொருத்தம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை நேராக ரத்தத்தில் கலக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். விழுங்குவதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. விழுங்க முடியாதவர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். லேபிளில் இருக்கும் பி12 வகை மெத்தில்கோபாலமினா, சயனோகோபாலமினா என்று கவலைப்பட வேண்டாம், இரண்டும் வேலை செய்யும்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும் வாய்ப்பு அதிகம். அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் அப்படியே, ஏனென்றால் உணவில் இருக்கும் பி12 பிரிந்து வர வயிற்று அமிலம் வேண்டும். மாத்திரையில் உள்ள பி12 ஏற்கெனவே பிரிந்த நிலையில் இருப்பதால் அதற்கு அந்தத் தடை இல்லை. இந்த இரண்டு மருந்துகளில் ஏதாவது ஒன்றை எடுக்கிறீர்கள் என்றால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பி12 பரிசோதனையைக் கேளுங்கள்.

நான்காம் படி: எப்போது, எதோடு

ஏ, டி, ஈ, கே ஆகியவற்றை எண்ணெயோ கொழுப்போ உள்ள சாப்பாட்டோடு எடுங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால் உடலில் சேருவது குறையும். நாளில் எது பெரிய சாப்பாடோ அதோடு வைத்துக்கொண்டால் மறக்காது. பி வகை வைட்டமின்களுக்கும் சி-க்கும் தண்ணீர் போதும். வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்டபின் எடுக்கலாம். பி காம்ப்ளெக்ஸ் எடுத்த பிறகு சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். அது பி2இன் நிறம், பயப்பட வேண்டாம்.

வைட்டமின் சி-யை ஒரேயடியாக அதிகம் எடுப்பதில் லாபமில்லை. சாதாரண அளவுகளில் 70 முதல் 90 சதவீதம் வரை உடலில் சேரும். 1000 மி.கி.க்கு மேல் போனால் பாதிகூடச் சேராது. மிச்சம் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், சிறுநீரகக் கல் வரக்கூடியவர்களுக்கு அந்த ஆபத்தையும் கூட்டும்.

இரும்பும் கால்சியமும் வைட்டமின் இல்லை என்றாலும் கூடவே வருவதால் சொல்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், இரும்பு சேருவதைக் கால்சியம் தடுக்கும். டீ, காபி, பாலோடு இரும்பு மாத்திரை வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கால்சியத்தை ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் எடுக்காதீர்கள். கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் வகை என்றால் எப்போது வேண்டுமானாலும்.

ஃபோலிக் அமிலத்தில் முக்கியம் காலம்தான். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக் குழாய் கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது, அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாளைக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கி, முதல் 12 வாரங்கள் வரை எடுக்கச் சொல்கிறார்கள். முந்தைய குழந்தைக்கு இந்தக் குழாய் சரியாக மூடாத குறைபாடு இருந்திருந்தால் பல மடங்கு அதிக அளவு வேண்டும், அதை மருத்துவர்தான் எழுதித் தருவார்.

ஐந்தாம் படி: மற்ற மருந்துகளோடு மோதுகிறதா?

மருத்துவரிடம் மருந்துப் பட்டியல் சொல்லும்போது சத்து மாத்திரைகளை விட்டுவிடுகிறோம். அதையும் சொல்லுங்கள். தைராய்டுக்கான லெவோதைராக்சினுக்கும் இரும்பு, கால்சியம் உள்ள எதற்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். மல்டிவைட்டமினிலும் இவை இருக்கும் என்பதை மறக்காதீர்கள். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே-யைத் தாங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. வைட்டமின் ஈ அதிக அளவில் சேர்ந்தால் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ-யின் உறவுதான், இரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது.

முடிக்காகப் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினை எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இது சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டும். தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையும் அதில் அடங்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2017இல் எச்சரித்தது. பரிசோதனைக்கு முன்பே சொல்லி, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தொடர்வதும் நிறுத்துவதும்

தினமும் ஒரே வேலையோடு சேர்த்து வையுங்கள், கிழமை போட்ட மாத்திரைப் பெட்டியும் உதவும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்க வேண்டாம்.

வைட்டமின் டி உடலில் வாரக்கணக்கில் தங்கும், அதனால் வாரம் ஒரு முறை அதிக அளவாகவும் தருவார்கள். 50,000, 60,000 ஐ.யூ. என்று இருக்கும் அந்த மாத்திரையைத் தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். அட்டையின் மேலேயே கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டில் உள்ள முதியவர்களிடம் ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லுங்கள். எத்தனை வாரம் என்று எழுதித் தந்தார்களோ அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

குறைபாட்டுக்காக எடுக்கிறீர்கள் என்றால் சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். அளவு ஏறியிருந்தால் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா என்று பேசலாம். ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லை என்றால் வேறு பிராண்டுக்குத் தாவாதீர்கள். குடலில் சேருவதிலேயே சிக்கல் இருக்கலாம், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஈரமும் சூடும் வைட்டமின்களைக் கெடுக்கும். குளியலறை அலமாரியும் அடுப்புக்குப் பக்கமும் வேண்டாம். மூடியை இறுக்கி மூடி, உலர்ந்த இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரும்புச்சத்து சேர்ந்த மாத்திரைகளைப் பூட்டியே வையுங்கள். பெரியவர்களுக்கான இரும்பு மாத்திரைகளைச் சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.